போர்க்காலத்தில் ஒரு கடற்படை அதிகாரி எடுக்க வேண்டிய மிகக் கடினமான முடிவு எது?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: எதிரியைக் கொல்வதுதான் அவர்களுக்கு மிகப் பெரிய மனப்போராட்டமா, போர் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அது தீர்ந்துவிடுமா?

நான் கடற்படையில் இருந்தவள் இல்லை. கடற்படை அதிகாரி ஒருவரின் மகள். 1971 போரின்போது அப்பா மேற்குக் கடற்படைப் பிரிவின் கப்பல் ஒன்றில் லெப்டினன்ட்டாக இருந்தார். நாங்கள் பம்பாயில், கொலாபா பக்கம் கடற்படைக் குடியிருப்பில் இருந்தோம். எனக்கு ஐந்து வயது. ஜன்னல் கண்ணாடியில் அம்மா கறுப்புக் காகிதம் ஒட்டியதுதான் அந்தப் போரைப் பற்றி எனக்கு இருக்கும் முதல் ஞாபகம்.

அப்பா ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிக்கு வந்த பிறகு ஒருநாள் இதே கேள்வியை அவரிடம் கேட்டேன். சுடுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுக்கானைப் பற்றிச் சொன்னார்.

சமாதான காலத்தில் கப்பலில் ஒரு பயிற்சி அடிக்கடி நடக்கும். ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மையைக் கடலில் தூக்கிப் போட்டுவிட்டு, "மேன் ஓவர்போர்டு" என்று கத்துவார்கள். கப்பலை இயக்கும் மேல்தளமான பிரிட்ஜில் நிற்கும் அதிகாரி யோசிக்கவே கூடாது. எந்தப் பக்கம் ஆள் விழுந்தானோ அந்தப் பக்கமே சுக்கானைத் திருப்பச் சொல்ல வேண்டும். அப்போதுதான் கப்பலின் பின்பகுதி அவனை விட்டு விலகும், அடியில் சுழலும் விசிறியில் அவன் சிக்கமாட்டான். சிவப்பும் மஞ்சளுமான கொடி ஏறும், படகு இறங்கும். இதையே திரும்பத் திரும்பச் செய்து அந்தக் கட்டளை வாய்க்குப் பழகிப்போகும்.

"சண்டைன்னு வந்துட்டா, கீழே சப்மரீன் இருந்தா, அதே வாய் அந்த வார்த்தையைச் சொல்லாம இருக்கணும்மா. தண்ணியில கிடக்கிறவன் நம்ம ஆளா இருந்தாலும்" என்றார். எதிரி ஆள் என்றால், என்று கேட்டேன். "தண்ணிக்குள்ள விழுந்தப்புறம் எல்லாரும் ஒரே மாதிரிதான் கத்துவாங்க."

அவர் சொன்னது எனக்கு முழுதாகப் புரிய, நான் பழைய கடற்போர்களைத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது.

1914 செப்டம்பர் 22. அன்று இரவுதான் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டது என்பது நமக்குத் தெரியும். அதே நாள் காலையில் நெதர்லாந்துக் கரைக்கு அப்பால் அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி என்று மூன்று பிரிட்டிஷ் குரூசர்கள் (பெரிய போர்க்கப்பல்கள்) போய்க்கொண்டிருந்தன. முதலில் அபூகிர் வெடித்தது. கண்ணிவெடி என்று நினைத்து, தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்க ஹோக் கிட்டே வந்து நின்றது. அதற்கும் டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து வரும் குண்டு) விழுந்தது. கடைசியில் கிரெஸ்ஸியும் போனது. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் மூன்று கப்பல்கள், 1,459 உயிர்கள், அத்தனையும் யூ-9 என்ற ஒரே ஒரு சிறிய ஜெர்மன் நீர்மூழ்கியின் வேலை. பதினைந்து வயதுப் பயிற்சி அதிகாரி ஒருவன் முதல் கப்பல் மூழ்கியதும் நீந்தி இரண்டாவதில் ஏறி, அதுவும் மூழ்கி, மூன்றாவதில் ஏறி, அதுவும் மூழ்கி, கடைசியில் ஒரு டச்சு மீன்பிடிக் கப்பலால் பிழைத்தான். நீர்மூழ்கி இருக்கும் இடத்தில் பெரிய கப்பல்கள் நிற்கவே கூடாது என்று அதன்பிறகு உத்தரவு வந்தது. ஹோக்கின் கேப்டன் செய்தது நல்ல மனிதன் செய்கிற காரியம். ஆனால் அவரை நம்பி வந்தவர்களில் பலரை அது கொன்றது. அன்றிலிருந்து, நிறுத்தினால் என்ன ஆகும் என்று எல்லாக் கேப்டன்களுக்கும் தெரியும்.

தெரிந்ததால் அவர்கள் பாரம் குறைந்ததா என்றால் இல்லை. 1941 மே 27 அன்று ஜெர்மனியின் பிஸ்மார்க் மூழ்கியது. அதில் இருந்தவர்கள் 2,200 பேருக்கும் மேல். நூற்றுக்கணக்கானவர்கள் எண்ணெய் மிதக்கும் குளிர்ந்த தண்ணீரில் கிடந்தார்கள். பிரிட்டிஷ் குரூசர் டோர்செட்ஷைர் பக்கத்தில் நின்று கயிறுகளை இறக்கியது. எண்பத்துச் சொச்சம் பேர் ஏறியிருப்பார்கள். அப்போது நீர்மூழ்கி இருப்பது போல் ஒரு அடையாளம் தெரிகிறது என்று தகவல் வந்தது. கேப்டன் கப்பலைக் கிளப்பச் சொன்னார். கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே பின்னால் விடப்பட்டார்கள். இன்னொரு பிரிட்டிஷ் கப்பல் தூக்கியவர்கள், பிறகு ஜெர்மன் கப்பல்கள் கண்டெடுத்த ஐந்து பேர் என்று எல்லாரையும் சேர்த்தே பிழைத்தவர்கள் நூற்றுப் பதினைந்து பேர் அளவில்தான்.

அந்தக் கேப்டனை எனக்குக் குறை சொல்ல வரவில்லை. அவர் கப்பலிலும் நூற்றுக்கணக்கில் ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்கும் வீடு இருந்தது. ஆனாலும் படிக்கும்போது என் கண்ணில் நிற்பது அந்தக் கயிறுகள்தான். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, இலங்கைக்குத் தென்மேற்கே அதே டோர்செட்ஷைரை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன, கூடவே கார்ன்வால் என்ற குரூசரையும். கேப்டன் அப்போது வேறொருவர். இரண்டு கப்பல் ஆட்களும் நமது இந்தியப் பெருங்கடல் வெயிலில் ஒரு பகல், ஒரு இரவு, மறுநாள் மாலை வரை மிதந்தார்கள். பிறகு கப்பல்கள் வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தூக்கின. முந்தின வருஷம் அந்தக் கயிறுகளை மேலிருந்து பார்த்தவர்களில் சிலராவது இப்போது தண்ணீரில் இருந்திருப்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கலாம். 1949 ஜெனீவா ஒப்பந்தத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது: சண்டை முடிந்ததும் கடலில் தத்தளிப்பவர்களைத் தேடி மீட்க, இயன்ற எல்லா நடவடிக்கைகளையும் தாமதமின்றி எடுக்க வேண்டும். "இயன்ற" என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. எது இயலும், எது இயலாது என்பதை நடுக்கடலில், இருட்டில், இரண்டு மூன்று நிமிஷத்தில் தீர்மானிக்க வேண்டியவர் கேப்டன் ஒருவர்தான்.

நிறுத்தியவர்களும் உண்டு. 1942 செப்டம்பர் 12 அன்று மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் லகோனியா என்ற பிரிட்டிஷ் கப்பலை யூ-156 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. தண்ணீரிலிருந்து இத்தாலிய மொழியில் குரல்கள் கேட்டபோதுதான், கப்பலில் சுமார் 1,800 இத்தாலியக் கைதிகள் இருந்ததே அதன் கேப்டன் ஹார்ட்டன்ஸ்டைனுக்குத் தெரிந்தது. தன் நாட்டின் நேச நாட்டு ஆட்கள் என்பதால் தூக்க ஆரம்பித்தார் என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் அதோடு நிற்கவில்லை. ஆங்கிலேயர், பெண்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் ஏற்றினார். மீட்க வரும் எந்தக் கப்பலையும் தாக்கமாட்டேன், என்னைத் தாக்காதிருந்தால் போதும் என்று ரேடியோவில் வெளிப்படையாக, ஆங்கிலத்திலேயே அறிவித்தார். தான் இருக்கும் இடத்தை எதிரிக்குத் தானே சொல்வது ஒரு நீர்மூழ்கிக் கேப்டனுக்கு என்ன என்று யோசித்துப் பாருங்கள். நான்காம் நாள், செஞ்சிலுவைக் கொடி விரித்து, உயிர்காப்புப் படகுகளைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தபோது, அசென்ஷன் தீவிலிருந்து வந்த அமெரிக்க விமானம் அதன் மீது குண்டு போட்டது. ஏற்றியவர்களை மறுபடியும் கடலில் இறக்கிவிட்டு அவர் முழுக வேண்டியதாயிற்று. மறுநாளே, இனி யாரையும் மீட்கக் கூடாது என்று ஜெர்மன் நீர்மூழ்கிப் படைக்கு அதன் தலைவர் டோனிட்ஸ் உத்தரவு போட்டார். அடுத்த மார்ச்சில் ஹார்ட்டன்ஸ்டைனும் அவருடைய ஆட்கள் அத்தனை பேரும் பார்படோஸ் பக்கம் மூழ்கினார்கள்.

இனி நம் கதைக்கு வருகிறேன். 1971 டிசம்பர் 4 இரவு நம் ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின. பாகிஸ்தானின் கைபர் என்ற நாசகாரிக் கப்பல் மூழ்கியது. எங்கள் குடியிருப்பில் அந்தச் செய்திக்கு எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். சரியாக ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் ஐஎன்எஸ் குக்ரியைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹாங்கோர் தாக்கியது. சில நிமிஷங்களில் கப்பல் போய்விட்டது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் இறந்தார்கள். பக்கத்தில் இருந்த நம் இன்னொரு கப்பல் கிர்பான் மீதும் டார்பிடோ ஏவப்பட்டது, கிர்பான் அங்கிருந்து விலகிப் போனது. நீந்திக்கொண்டிருந்தவர்களை மறுநாள்தான் ஐஎன்எஸ் கட்சல் வந்து மீட்டது, 67 பேர்.

கிர்பான் போனது சரியா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. அப்பா அந்த வாதத்தில் ஒருநாளும் கலந்துகொண்டதில்லை. யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்.

குக்ரியின் கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன் லைஃப் ஜாக்கெட்டை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார். மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். சின்ன வயதில் எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. அவருக்கு மனைவி இருந்தார், இரண்டு மகள்கள் இருந்தார்கள். கேப்டன் கப்பலோடு சாக வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதவில்லை. வந்திருக்கலாமே என்று நினைப்பேன். பிறகுதான் புரிந்தது, கீழ்த்தளங்களில் மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வரமுடியாமல் இருக்கும்போது, தான் மட்டும் நீந்திப்போக அவருக்குக் கால் எழவில்லை. அது மரபுக்காகச் செய்தது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தால் இப்போதும் எனக்குப் பதில் கிடைப்பதில்லை.

கப்பல் போய், கேப்டன் மட்டும் திரும்பி வந்தால்? அமெரிக்கக் கப்பல் இண்டியானாபொலிஸின் கேப்டன் மெக்வேயின் கதையை இதற்காகவே எல்லாரும் படிக்க வேண்டும். அணுகுண்டின் பாகங்களை டினியன் தீவில் இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்த கப்பல், 1945 ஜூலை 30 நள்ளிரவு கடந்ததும் ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-58 தாக்கி 12 நிமிஷத்தில் மூழ்கியது. ஏறக்குறைய 900 பேர் தண்ணீரில் குதித்தார்கள். கப்பல் வந்து சேரவில்லை என்பதைக் கரையில் யாரும் பொருட்படுத்தவே இல்லை. நான்காம் நாள் தற்செயலாக ஒரு விமானம் பார்த்தது. சுறாக்கள், தாகம், உப்புநீரைக் குடித்துப் புத்தி பேதலித்தவர்கள் என்று எல்லாம் போக, மிஞ்சியவர்கள் 316 பேர். அங்கேயும் விதியை மீறிய இருவர் உண்டு. திறந்த கடலில் இறங்கக் கூடாது என்ற உத்தரவை மீறி ஏட்ரியன் மார்க்ஸ் என்ற விமானி தன் கடல் விமானத்தை அலையில் இறக்கி 56 பேரை ஏற்றினார், உள்ளே இடம் போதாமல் இறக்கையின் மேலும் படுக்க வைத்தார். இரவில் வந்த மீட்புக் கப்பலின் கேப்டன் கிளேட்டர், நீர்மூழ்கிக்கு இலக்காகிவிடும் என்று தெரிந்தும், தண்ணீரில் கிடப்பவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கட்டும் என்று தேடுவிளக்கை வானத்தை நோக்கிப் போட்டார்.

மெக்வேயும் பிழைத்தார். டார்பிடோவுக்குத் தப்பக் கப்பலை வளைத்து வளைத்து ஓட்டவில்லை என்று அவர் மேல் ராணுவ நீதிமன்றத்தில் வழக்கு. கப்பலை மூழ்கடித்த ஜப்பானியக் கேப்டன் ஹாஷிமோட்டோவையே வாஷிங்டனுக்கு வரவழைத்தார்கள். வளைத்து ஓட்டியிருந்தாலும் நான் அடித்திருப்பேன் என்று அவர் சொன்னார். அப்படியும் மெக்வே குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தது. தண்டனையைப் பிறகு தள்ளுபடி செய்தார்கள், பதவியில்கூடத் தொடர்ந்தார். ஆனால் வீட்டுக்கு வரும் கடிதங்களை யார் தள்ளுபடி செய்வது? மகனை இழந்தவர்கள் வருஷா வருஷம், கிறிஸ்துமஸ் நேரம் பார்த்து எழுதினார்கள், எங்கள் பிள்ளையை நீதான் கொன்றாய் என்று. அவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். தங்கள் பிள்ளையை நான்கு நாள் யாரும் தேடவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது, கேப்டனின் பெயர் மட்டும்தான் தெரியும். தேடாமல் விட்டவர்களின் தவறை ஒரு மனிதன் தலையில் கட்டியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 1968 நவம்பரில் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். கையில் ஒரு சின்ன மாலுமி பொம்மை இருந்ததாம். உயிர் பிழைத்த அவருடைய ஆட்கள் விடாமல் போராடினார்கள். 1999-ல் முதிய வயதில் ஹாஷிமோட்டோவும் அவருக்காக அமெரிக்க செனட்டர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். 2000-ல் அவர் மேல் குற்றமில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது, 2001-ல் கடற்படைப் பதிவேட்டிலும் அப்படியே திருத்தினார்கள்.

எங்கள் குடியிருப்பில் மேல் மாடியில் ஒரு மலையாள ஆன்ட்டி இருந்தார். அம்மாவைவிடச் சின்னவர். அவர் கணவர் குக்ரியில் இருந்தார். பெயர்ப் பட்டியல் வந்த பிறகும் அவர் நம்பவில்லை. மீன்பிடிப் படகு ஏதாவது தூக்கியிருக்கும், ஏதாவது கரையில் இருப்பார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவை படியில் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதும் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்.

போர் முடிந்து அப்பா வீட்டுக்கு வந்தார். நாங்கள் மூன்றாவது மாடி. வாசலில் நின்றவரின் காலில் சாக்ஸ் மட்டும்தான் இருந்தது, பூட்ஸ் இரண்டும் கையில். அன்றைக்கு மட்டும் இல்லை. டியூட்டிக்குப் போகும்போதும் கையில் தூக்கிக்கொண்டு இறங்கி, கீழே உட்கார்ந்து மாட்டுவார். ஒருநாள் அம்மா, "ஏங்க, துக்கம் விசாரிச்சாச்சு, காரியமும் முடிஞ்சாச்சு, இன்னும் எதுக்கு இப்படி?" என்று கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக்கு இன்னும் காது பூரா படியிலதான் இருக்கு" என்றார்.

ஆன்ட்டி கோடை விடுமுறையில் சாமான்களைக் கட்டிக்கொண்டு பாலக்காட்டுக்குப் போனார். அதன்பிறகுதான் அப்பா படியில் பூட்ஸ் போட்டு ஏறினார்.