சாதி கேட்டு ஃபிளாட் தர மறுத்தால் சட்டத்தில் வழி இருக்கிறதா?

கேள்வி: தாம்பரத்துக்குத் தெற்கே கட்டி வரும் அடுக்குமாடி ஒன்றில் ஒரு லட்சம் ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து, ஃபிளாட் எண் போட்ட ரசீதும் வாங்கினேன். பேச்சோடு பேச்சாக விற்பனை மேலாளர் என் சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு என்று விசாரித்தார். நான் பட்டியல் சாதியைச் சேர்ந்த இந்து. அடுத்த வாரமே, "அந்த வீடு வேறு ஒருவருக்குப் போய்விட்டது" என்று வாட்ஸ்அப்பில் செய்தி. போன் செய்து கேட்டால், "மத்த ஓனர்ஸ் சங்கடப்படுறாங்க சார், தப்பா நினைக்காதீங்க, பணத்தை வாங்கிக்குங்க" என்கிறார். அந்த வீடு இன்னும் அவர்கள் விளம்பரத்தில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பணத்தை அவசரப்பட்டுத் திரும்ப வாங்காதீர்கள். அவர்களாகவே கணக்கில் போட்டுவிட்டால் பரவாயில்லை. ஆனால் "எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி உள்ள எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த ஒரு வரிதான்.

"என் சொத்து, யாருக்கு விற்பது என்பது என் இஷ்டம்" என்று எதிர்த்தரப்பு வாதாடும். அதற்கு ஓரளவு இடமும் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 15(2) கடை, உணவகம், கிணறு, குளம் பற்றிப் பேசுகிறது. வீடு என்று சொல்லவில்லை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமே என்றிருந்த ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் விதியை 2005ல் உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பு எனக்கு இன்றும் வருத்தம்தான். மதத்தைக் காரணம் காட்டி வீடு மறுக்கப்படும் முஸ்லிம் குடும்பங்களுக்கு நம் சட்டம் போதிய கையாயுதம் தரவில்லை.

உங்கள் நிலை வேறு. தீண்டாமையை ஒழிக்கும் அரசியல் சாசனத்தின் 17வது பிரிவு அரசை மட்டுமல்ல, தனியாரையும் கட்டுப்படுத்தும். அதன் வழியில் வந்த 1955ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4வது பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ, வாங்கவோ, அதில் குடியிருக்கவோ தீண்டாமையின் பேரில் தடை போடுவது குற்றம் என்கிறது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும். அதே சட்டத்தின் 12வது பிரிவு உங்களுக்குப் பெரிய பலம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அந்தச் செயல் தீண்டாமையின் பேரில் நடந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். "சாதிக்காக மறுக்கவில்லை" என்று காட்டும் பாரம் அவர்கள் தலையில் விழும்.

இதோடு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உண்டு. 2015 திருத்தத்துக்குப் பிறகு சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு அதில் தனிக் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. வழக்கமான வியாபார நடைமுறையில் எல்லோருக்கும் செய்வதை ஒருவருக்கு மட்டும் மறுப்பதும் அந்த வரையறைக்குள் வரும். இந்தச் சட்டத்தில் வழக்கு நிற்க, மறுத்தவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவராக இருக்க வேண்டும். உங்கள் சாதி அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் காட்ட வேண்டும். "எந்தத் தெரு" என்று அவர் கேட்டது இங்கேதான் முக்கியமாகிறது. சாதிப் பெயர் சொல்லி அவமதித்ததாகப் புகாரில் சேர்க்கச் சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். அது பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும். போனில் இருவர் பேசியது அதில் சேராது. நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

இன்றே நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்ன தேதியில் இன்ன எண் வீட்டுக்கு முன்பணம் கட்டினேன். மற்ற உரிமையாளர்கள் சங்கடப்படுவதாகச் சொல்லி உங்கள் மேலாளர் வீடு தர மறுத்தார். அந்த வீடு விற்றுவிட்டதா, எந்தத் தேதியில் என்று எழுத்தில் தெரிவியுங்கள்." பதில் வந்தாலும் சாட்சி, வராவிட்டாலும் சாட்சி. விளம்பரத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அழைப்பு பதிவாகியிருந்தால் அந்தப் போனை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம்; மின்னணு ஆதாரங்களுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63வது பிரிவு கேட்கும் சான்றிதழோடுதான் அதை நீதிமன்றத்தில் கொடுக்க முடியும்.

அப்புறம் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். எட்டு வீடுகளுக்கு மேல் உள்ள திட்டம், அல்லது 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அமைந்த திட்டம், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவின்போது, வீடு ஒதுக்குவதில் எவரிடமும் பாகுபாடு காட்டமாட்டேன் என்று கட்டுமான நிறுவனம் 'பி' படிவத்தில் உறுதிமொழி தருகிறது. பலருக்கு இது தெரியாது. அதன் நகலை எடுத்துப் புகாரோடு இணையுங்கள். எந்த வகை வீடு எத்தனை புக் ஆகியிருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆணையத்தின் இணையதளத்தில் அவர்கள் பதிவேற்றியாக வேண்டும், அதையும் சரிபாருங்கள். விற்பனை ஒப்பந்தம் பதிவாகாததால், வீட்டையே எழுதித்தரச் சொல்லி உத்தரவு பெறுவது கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ஃபிளாட் எண் போட்ட ரசீது ஒதுக்கீட்டுக்கு நல்ல ஆதாரம்; ரத்து செய்ததை எதிர்த்து ரெரா சட்டத்தின் 31வது பிரிவில் புகார் கொடுக்கலாம்.

காவல் நிலையத்தில் "இது சிவில் மேட்டர்" என்று சொல்லி மனு ரசீதோடு அனுப்பப் பார்ப்பார்கள். வன்கொடுமைச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை. மறுத்தால் புகாரை ஆணையர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் சிறப்பு நீதிமன்றத்தை அணுகலாம். மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையத்துக்கும் ஒரு நகல் போகட்டும்.

சாதிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினரே சட்டப்படி பட்டியல் சாதியினர் என்பதால் முதல் ஆட்சேபணை அங்கிருந்தே வரும்.