வீட்டுத் தோட்டத்துக் காய்களை அணில், மயில், பூச்சிகளிடமிருந்து காக்க எந்த வலை வாங்கலாம்?

கோவைக்குப் பக்கத்தில் புதிதாகக் குடிவந்து, கொல்லையில் கத்தரி, தக்காளி, பாகல், பீர்க்கு, கீரை போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காய்ப்பதில் பாதிகூடக் கைக்கு வருவதில்லை, மொத்தத் தோட்டத்தையும் ஒரே வலையால் மூடிவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

மூட வேண்டாம். பணமும் வீண், பாதிக் கொடிகள் காய்ப்பதையும் நிறுத்திவிடும். எங்கள் வீடு பேரூரைத் தாண்டி மேற்கே இருக்கிறது. மயில், அணில், எலி, பழ ஈ எல்லாம் உரிமையோடு வந்து போகிற இடம். இங்கே பல வருடங்களாகக் காய்கறி போட்டு வருகிற அனுபவத்தில் சொல்கிறேன்: எந்தப் பயிரை, யாரிடமிருந்து, எந்த வாரங்களில் காக்க வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் வலைக்கடைக்குப் போக வேண்டும். கடைக்காரர் எத்தனை மீட்டர் என்றுதான் கேட்பார். எதற்கு என்று கேட்கிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆகவே முதலில் தின்றது யார் என்று பாருங்கள். தக்காளி செடியிலேயே தொங்கிக்கொண்டு, பாதி மட்டும் கொறிக்கப்பட்டிருந்து, காலையில் நன்றாக இருந்தது மதியத்துக்குள் அப்படி ஆகியிருந்தால் அணில். ராத்திரிக்குள் நடந்து, பக்கத்தில் புழுக்கையும் கிடந்தால் எலி. பழுத்த காயில் கூராகக் குத்திய குழி இருந்தால் கொண்டைக்குருவியோ கிளியோ வந்திருக்கிறது. நாற்றுகளின் நுனி வரிசையாகக் கிள்ளப்பட்டு, மண்ணும் கிளறப்பட்டிருந்தால் விடியற்காலையில் மயில் வந்து போயிருக்கிறது. பாகல் பிஞ்சு வளைந்து, ஒரு புள்ளியில் பிசின்போல் ஒரு துளி கசிந்து, பிறகு மஞ்சளாகி அழுகினால் அது பழ ஈயின் வேலை. கத்தரிச் செடியின் இளங்குருத்து மட்டும் தலை சாய்ந்து வாடினால் தண்டையும் காயையும் துளைக்கிற துளைப்பான் புழு. இவர்கள் ஒவ்வொருவருக்கும் வலை வேறு. சிலருக்கு வலையே உதவாது.

கீரையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வலைக்கு முழுப் பலன் தருவது அதுதான். இலையையும் கிழங்கையும் சாப்பிடுகிற பயிர்களுக்கு மகரந்தச் சேர்க்கை தேவையில்லை. ஆகவே சிறுகீரை, அரைக்கீரை, முள்ளங்கி, முட்டைக்கோசு, பூக்கோசு எல்லாவற்றையும் விதைத்த அன்றே பூச்சிவலையால் மூடி, பறிக்கிற அன்று திறந்தால் போதும். கீரையில் இலைகளைப் பிணைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தின்னும் பச்சைப் புழு ஓர் அந்துப்பூச்சியின் பிள்ளை. தாய் உள்ளே வந்து முட்டையிட முடியாவிட்டால் புழு இல்லை, மருந்தும் இல்லை. அரை அங்குல பி.வி.சி. குழாயை வளைத்துப் பாத்தியின் இரு பக்கமும் மண்ணில் செருகி, அதன்மேல் வலையைப் போர்த்தி, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். செங்கல் வைத்தால் இடுக்கு விடும், புதைப்பதே நல்லது. இலை வலையைத் தொடாத அளவுக்கு உயரம் வையுங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் வெளியில் உட்கார்ந்தபடியே வலை வழியாக முட்டையிடுகிற பூச்சிகள் உண்டு.

கடையில் 40 மெஷ் என்று கேளுங்கள். ஓர் அங்குல நீளத்துக்கு 40 கண்கள் என்று பொருள். அந்துப்பூச்சி, பழ ஈ, பெரும்பாலான வெள்ளை ஈ ஆகியவற்றை அது தடுக்கும். இலைப்பேன் அதிலும் நுழைந்துவிடும், ஆகவே மிளகாயில் இலை சுருளுவதற்கு வலையை நம்ப வேண்டாம். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் வருவது வெள்ளை ஈயால்தான். அந்தச் செடியை இளம் பருவத்தில், பூக்கும்வரை மூடி வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

பச்சை நிழல்வலையைப் பூச்சிவலை என்று சொல்லித் தருவார்கள். வாங்காதீர்கள். 50 சதவீத நிழல்வலை என்றால் வெயிலில் பாதியைத் தடுத்துவிடும். வெயில் வேண்டிய தக்காளியும் கத்தரியும் அதன் கீழே நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கும், காய்க்காது. பழைய கொசுவலை ஒரு பருவத்துக்குச் சமாளிக்கும். பிறகு வெயிலில் நைந்து, கையில் பிடித்தால் பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணில் கலந்துவிடும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் எச்.டி.பி.இ. (கெட்டியான பாலித்தீன்) வலை விலை கூடுதல், ஆனால் சில கோடைகளைத் தாண்டும்.

கத்தரிக்கு வருகிறேன். கத்தரிக்காயில் ஓட்டையைப் பார்த்ததும் இப்போதுதான் புழு உள்ளே போயிருக்கிறது என்று நினைக்கிறோம். குஞ்சுப் புழு பெரும்பாலும் காம்பை ஒட்டிய பச்சை மடலுக்கு அடியில் தடம் தெரியாமல் நுழைந்துவிடுகிறது. நாம் காணும் பெரிய ஓட்டை, தின்று முடித்து அது வெளியேறிய வழி. வெளியே வந்ததும் செடிக்குக் கீழே உதிர்ந்த சருகுகளில் கூட்டுப்புழுவாகி, மறுபடி பூச்சியாகிப் பறக்கும். ஆகவே ஏற்கெனவே புழு இருக்கிற செடியின்மேல் வலையைப் போட்டால், பூச்சியை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். பழைய கத்தரிச் செடிகளைப் பிடுங்கி, சருகைக் கூட்டி அகற்றி, வேறு இடத்தில் புது நாற்று நட்டு, நட்ட அன்றே மூட வேண்டும். இப்போது நிற்கிற செடிகளை உடனே பிடுங்க மனமில்லையென்றால், அவற்றுக்கு வலை போட வேண்டாம். வாடிய குருத்துகளைப் புழு இருக்கும் இடத்துக்குக் கீழே வரை கிள்ளி எடுத்து அழித்துவிடுங்கள். சலிக்காமல் செய்தால் காய் தேறும்.

கத்தரியும் தக்காளியும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும் பயிர்கள், அதனால் வலைக்குள்ளும் காய்க்கும். ஆனால் அவற்றின் மகரந்தம் தானாகக் கொட்டுவதில்லை. வெளியில் இருந்தால் காற்று அசைக்கும், கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்கரித்து உலுக்கும். வலைக்குள் இரண்டும் குறைவு. காலையில் தண்ணீர் விடும்போது தாங்குகம்பை விரலால் நாலு தட்டுத் தட்டிவிட்டு வாருங்கள்.

பந்தல் கொடிகளின் கதை வேறு. பாகல், பீர்க்கு, சுரை, புடலை, பூசணி எல்லாவற்றிலும் ஆண் பூ தனி, பெண் பூ தனி. யாராவது வந்து மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் காய். பகலில் வலையைத் திறந்து வைத்தால் தேனீ வந்துவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாகலுக்கும் பூசணிக்கும் அது சரி, இரண்டும் விடியற்காலையில் மலர்கின்றன. பீர்க்கு சாயங்காலம்தான் விரியும். சுரையும் புடலையும் மாலையிலும் இரவிலும் மலர்ந்து அந்துப்பூச்சிகளை எதிர்பார்க்கிறவை. நீங்கள் காலையில் திறந்து மாலையில் இழுத்து மூடினால் பீர்க்கில் பூ நிறைய இருக்கும், காய் இருக்காது. பந்தலுக்கு வலையே வேண்டாம் என்பது என் முடிவு. காய்க்கு மட்டும் உறை போடுங்கள்.

பழ ஈ இளம் பிஞ்சைத்தான் தேடுகிறது. பூ வாடி, பிஞ்சு திரண்டதும் உறையை மாட்டிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து மாட்டினால், முட்டை உள்ளே இருக்கிற காய்க்குச் சட்டை போட்டது போலத்தான். பழைய நைலான் புடவையிலோ வலைத்துண்டிலோ பை தைத்து, வாயில் நாடா கோத்துக்கொள்ளுங்கள். பை காயோடு ஒட்டாமல் தொளதொளவென்று இருக்கட்டும். புடலைக்கு எங்கள் வீட்டில் என் மாமியார் நீளக் குழல்போல் தைத்து, அடியில் திறப்பு விட்டு, அது வழியாகவே காயின் நுனியில் வழக்கமான கல்லையும் கட்டிவிடுகிறார். அடி திறந்திருந்தால் ஈ வராதா என்று கேட்டேன். நூலை இறுக்கிக் கட்டத் தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி என்றார். நூலை இறுக்கிக் கட்டினால் வருவதில்லை.

இதோடு, வாசனையால் ஈயை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றும் தொங்கவிடுங்கள், ஆனால் உள்ளே வைக்கும் மருந்துக் குப்பியைப் பார்த்து வாங்குங்கள். மாம்பழ ஈக்கு வைக்கும் மீத்தைல் யூஜினாலைப் பாகல் பந்தலில் தொங்கவிட்டு, ஒன்றும் விழவில்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். பந்தல் காய்களைத் தாக்கும் ஈக்குக் கியூலூர் வேண்டும். இரண்டும் ஆண் ஈக்களைத்தான் இழுக்கும், ஆகவே பொறி இருக்கிறதென்று உறையை விட்டுவிடக் கூடாது. அழுகிய காயை எருக்குழியில் போடாதீர்கள். புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகிறது, நீங்களே அதை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டதாகும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் சில நாள் போட்டு வையுங்கள்.

அணிலுக்கு நைலான் வலை ஒரு பொருட்டே இல்லை. கடித்து ஓட்டை போடும், கிழித்த நூலைக் கூட்டுக்கும் எடுத்துக்கொண்டு போகும். பழுக்கும் தக்காளியை அணிலிடமிருந்து காப்பது அரை அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. வெல்ட் மெஷ், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி வலை மட்டுமே. சட்டம் அடித்துத் தூக்கி வைக்கும் கூண்டாகச் செய்துகொண்டால் பயிருக்குப் பயிர் மாற்றலாம். சுண்டெலியும் வருமானால் கால் அங்குலம். கூண்டுக்கு மனமில்லையா, தக்காளி லேசாக நிறம் மாறியதும் பறித்து உள்ளே வைத்துப் பழுக்க வையுங்கள். ருசியில் பெரிய குறை இல்லை. கோடையில் அணில் காயைக் கடிப்பதும் சொட்டுநீர்க் குழாயைக் கடிப்பதும் பாதி தாகத்தால்தான். ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்த பிறகு எங்கள் குழாய்கள் பிழைத்துக்கொண்டன.

இனி முக்கியமான எச்சரிக்கை. பறவை வலை என்று மெல்லிய, முடிச்சுப் போட்ட, பெரிய கண் உள்ள நைலான் வலை மலிவாகக் கிடைக்கிறது. தளர்வாகத் தொங்கும் அந்த வலைபோல் கொல்லைக்குக் கேடு வேறில்லை. சாரைப்பாம்பு தலையை விட்டுவிட்டு, செதில் மாட்டிக்கொண்டு பின்னால் வர முடியாமல் வெயிலில் செத்துப்போகும். நம் எலிகளைப் பிடித்துக்கொண்டிருந்த பாம்பு அது. ஓணான், தவிட்டுக்குருவி, தையல்சிட்டு எல்லாம் அப்படியே மாட்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல், வீட்டுத் தோட்டத்துப் பழமரங்களில் போடும் வலையின் கண், இழுத்துப் பிடித்த நிலையில் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதியே உண்டு. விரல் நுழைந்தால் அந்த வலை வேண்டாம் என்பது அங்கே சொல்லும் சோதனை. நம் ஊரில் சட்டம் இல்லாவிட்டாலும் கடையில் விரலை விட்டுப் பார்க்க யார் தடுக்கப்போகிறார்கள்? வலையை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள், தினம் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். பாம்பு மாட்டியிருந்தால் இழுக்க வேண்டாம், வனத்துறையையோ தீயணைப்பு நிலையத்தையோ கூப்பிடுங்கள்.

மயிலுக்கு வலை கட்டுவதைவிடக் கயிறு கட்டுவது சுலபம். உடம்பு பெரிது, இறங்க இடம் வேண்டும். பாத்திக்கு மேலே முழங்கால் உயரத்தில் குறுக்கும் நெடுக்குமாகச் சணல் கயிறு இழுத்துவிட்டால் எங்கள் பாத்திகளில் இறங்குவதில்லை. வேலி ஓரத்தில் பழைய புடவைகளைச் சுற்றிக் கட்டுவதை இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பார்த்திருப்பீர்கள், சில மாதங்களுக்கு அதுவும் வேலை செய்கிறது. யாராவது மருந்து கலந்த தானியம் வைக்கச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மயில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தத் தானியத்தைக் கோழியும் காக்கையும்கூடத் தின்னும்.

வலைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அது பகையை மட்டும் வெளியே நிறுத்துவதில்லை. அசுவினியும் மாவுப்பூச்சியும் நாற்றோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டால், அவற்றைத் தின்னும் பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவியும் வெளியே நிற்கும். உள்ளே அவற்றுக்கு ராஜபோகம். 2008இல் கோவையில் முதலில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடாமல் வெள்ளையாகப் பூசிவிட்டுப் போனது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதை அடக்கியது 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட சின்னஞ்சிறு குளவிகள். ஆகவே மூடுவதற்கு முன் நாற்றின் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். மூடிய பிறகும் வாரம் ஒரு முறை உள்ளே கை விட்டுப் பாருங்கள்.

கோவைக்கே உரிய சங்கதி ஒன்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, நெருக்கமான பூச்சிவலையைத் தூண்களோடு பிடுங்கிவிடும். கம்பை ஆழமாக நட முடியாவிட்டால் அந்த மாதங்களில் வலையைச் சுருட்டி வைத்துவிடுங்கள். ஐப்பசி மழையில் ஈரம் உள்ளேயே தங்கிச் சாம்பல் நோய், அழுகல் எல்லாம் சேர்ந்து வரும். வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் ஓரத்தைத் தூக்கிக் காற்றோட்டம் விடுங்கள். சுருட்டிய வலையைத் தரையில் போடாமல் உயரத்தில் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் எலி அதிலேயே குட்டி போட்டுவிடும்.

குரங்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. உங்கள் தெருவில் குரங்கு வருவதில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். வருமானால் மேலே சொன்ன எதற்கும் பணம் செலவழிக்க வேண்டாம். அது வலையைக் கிழிக்கும், கிளிப்பைக் கழற்றும், உறையைப் பிரித்துக் காயைக் கடித்துப் பார்த்துப் பிடிக்காமல் எறியும். அங்கே கூரையும் மூடிய இரும்புக் கம்பிக் கூண்டு ஒன்றுதான் வழி, இல்லையென்றால் இஞ்சியும் மஞ்சளும் போடுங்கள்.