கொலை நடந்த அறையில் கைரேகை கிடைத்துவிட்டால் வழக்கு முடிந்ததா?

கேள்வி: துப்பறியும் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கொலை நடந்த அறையின் கதவுக் கைப்பிடியில் ஒரு கைரேகை கிடைக்கிறது, மறுநாளே கொலைகாரன் பிடிபடுகிறான். படித்த நண்பர் "நம்பவே முடியலப்பா" என்கிறார். நிஜத்தில் கைரேகையை வைத்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்:

நண்பர் சொல்வது சரிதான், ஆனால் இடிப்பது வேகம் அல்ல. ஆள் முன்பே ஏதோ ஒரு வழக்கில் கைதாகி, அவனுடைய பத்து விரல் பதிவும் கணினியில் இருந்தால் மறுநாளே பெயர் கிடைப்பது நடக்கக்கூடியதுதான். இந்தியாவில் 2022 முதல் மாநிலங்களின் பதிவுகளை ஒன்றாகத் தேட நாஃபிஸ் என்ற தேசியக் கட்டமைப்பே இருக்கிறது. பதிவு இல்லாத ஆள் என்றால் எவ்வளவு தெளிவான ரேகையாக இருந்தாலும் அது கோப்பில் தூங்க வேண்டியதுதான்.

சிக்கல் வேறிடத்தில். "இந்த விரல் இங்கே பட்டது" என்பதற்கு மேல் ரேகை ஒன்றும் சொல்லாது. எப்போது பட்டது என்று சொல்லாது. ரேகையின் வயதைக் கணிக்க நீதிமன்றத்தில் நிற்கும்படியான முறை இன்றுவரை இல்லை. ஏன் பட்டது என்றும் சொல்லாது. ஆகவே கிடைத்த ரேகையைவிட, கிடைத்த இடம்தான் வழக்கைத் தாங்கும். கதவுக் கைப்பிடி அதற்கு மிக மோசமான இடம். வீட்டிலுள்ளவர்கள், பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவராகத் தொட்டு, கிடைப்பது பெரும்பாலும் வெறும் கசங்கல்தான்.

இந்த வித்தியாசத்தை நம் நாட்டுப் பழைய வழக்கு ஒன்று அழகாகக் காட்டும். 1897-ல் பூடான் எல்லையை ஒட்டிய ஜல்பைகுரி மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கழுத்தறுபட்டுக் கட்டிலில் கிடந்தார். காகிதங்கள் வைக்கும் பெட்டியும் இரும்புப் பெட்டியும் குடையப்பட்டு, சில நூறு ரூபாய் காணாமல் போயிருந்தது. சந்தேகத்துக்குப் பஞ்சமில்லை. கடுமையாக வேலை வாங்குவார் என்பதால் கூலிகள் மேல் ஒரு கண், அவரோடு தொடர்பிலிருந்த பெண்ணின் உறவினர்கள் மேல் ஒரு கண், அந்தப் பக்கம் சுற்றிய காபூலிகள் என்ற ஆப்கானியர்கள் மேல் ஒரு கண். சமையல்காரர் துணியில் ரத்தக் கறை வேறு. புறா அறுத்த ரத்தம் என்றார் அவர், ரசாயனச் சோதனையும் அதற்கு ஒத்துப்போனது.

காகிதங்கள் இருந்த பெட்டிக்குள் வெளிர் நீல அட்டை போட்ட வங்காளிப் பஞ்சாங்கம் ஒன்று இருந்தது. அட்டையில் மங்கலாக இரண்டு பழுப்புக் கறைகள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒன்றில் விரல்ரேகையின் ஒரு பகுதி தெரிந்தது. அதே மேலாளர் திருட்டு வழக்குப் போட்டு ஜெயிலுக்கு அனுப்பிய பழைய வேலைக்காரன் காங்காலி சரணின் விரல் பதிவு போலீஸிடம் ஏற்கெனவே இருந்தது. அவனது வலது கட்டைவிரலோடு அந்தக் கறை பொருந்தியது. நூற்றுக்கணக்கான மைல் தள்ளி பீர்பூமில் அவனைப் பிடித்தார்கள். கறை பாலூட்டி ரத்தம் என்று ரசாயனப் பரிசோதகர் சான்று கொடுத்தார். சாவியைத் தேடிப் பெட்டியைக் குடைந்தபோது ரத்தம் தோய்ந்த விரல் பட்டிருக்கிறது என்பது வழக்கு.

தீர்ப்பு என்ன தெரியுமா? திருட்டுக்குத் தண்டனை, கொலையிலிருந்து விடுதலை! பெட்டியைக் குடைந்தவன் இவன் என்பதற்கு ரேகை போதும். கழுத்தை அறுத்ததும் இவன்தான் என்பதற்கு அது போதாது என்று நீதிமன்றம் கருதியது. நாவலில் இப்படி ஒரு தீர்ப்பை எழுதினால் வாசகர் புத்தகத்தைத் தூக்கி எறிவார், ஆனால் தர்க்கப்படி குறை சொல்ல இடமில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 1897-ல் கல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் தொடங்கியபோது, அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகியோரின் உழைப்பில் உருவான வகைப்பாடு பத்து விரல்களையும் சேர்த்துப் பார்த்து 1,024 பிரிவுகளில் அடுக்குவது. சம்பவ இடத்தில் கிடைப்பதோ ஒற்றை விரல், அதுவும் பாதி. அதை வைத்து அந்த அடுக்கில் தேட முடியாது. முதலில் பழைய விசாரணை முறைப்படி சந்தேக நபரின் பெயர் வேண்டும், அதன் பிறகுதான் ஒப்பீடு. கணினி வரும் வரை பெரும்பாலும் இதே கதைதான். உங்கள் நாவல் 1980-களுக்கு முந்தைய காலத்தில் நடந்தால் "ரேகையைத் தேடினோம், பெயர் வந்தது" என்று எழுதாதீர்கள்.

அடுத்து, ரேகை எடுக்கும் காட்சி. பொடி தூவுவதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். பொடி என்பது கண்ணாடி, பெயின்ட் அடித்த உலோகம், மெருகேற்றிய மரம் போன்ற வழவழப்பான, உறிஞ்சாத பரப்புக்கு மட்டும். வெளிர் பரப்புக்குக் கருப்புப் பொடி, அடர் நிறத்துக்கு அலுமினியப் பொடி. பிரஷ்ஷின் நுனி மட்டும் படும்படி லேசாகச் சுழற்ற வேண்டும். ரேகையின் ஓட்டம் தெரியத் தொடங்கியதும் அந்த ஓட்டத்தோடு போக வேண்டும், குறுக்கே போனால் அழிந்துவிடும். பொடி அதிகமானால் கோடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்கள் அடைத்து எல்லாம் ஒரே கறையாகிவிடும். பனி பட்ட கண்ணாடி என்றால் தானாகக் காயும் வரை பொறுக்க வேண்டும், துடைக்கக் கூடாது. தெரிந்ததும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் போட்டோ, அதற்குப் பிறகுதான் டேப் ஒட்டி எடுப்பது. முதலில் டேப் என்று போய், அது சுருங்கி ரேகை போய்விட்டால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ரத்தத்தில் பதிந்த ரேகைக்குப் பொடியே கூடாது, அதற்குத் தனிச் சாயங்கள் உண்டு. ஒரே பிரஷ்ஷை வீட்டுக்கு வீடு கொண்டுபோனால் ஒரு வீட்டு டிஎன்ஏ இன்னொரு வீட்டுக்குப் போகும் என்பதால், டிஎன்ஏ எடுக்க வேண்டிய இடத்தை முன்பே ஒதுக்கிவிடுவார்கள்.

பிளாஸ்டிக் பைக்கு சூப்பர் க்ளூ. ஆம், கடையில் விற்கும் அதே சயனோஅக்ரிலேட் பசைதான். மூடிய பெட்டிக்குள் பொருளைத் தொங்கவிட்டு, ஈரப்பதத்தைச் சுமார் 80 சதவீதத்தில் வைத்து, சிறு தட்டில் சில சொட்டுப் பசையைச் சூடாக்குவார்கள். ஆவி ரேகையின் ஈரமான கசிவில் படிந்து கெட்டியாகி வெள்ளைக் கோடுகளாக நிற்கும். காற்று வறண்டிருந்தால் ரேகை மங்கலாகத்தான் வரும். நேரம் தவறி அதிகமாகிவிட்டால் பை முழுக்க வெள்ளை பூத்துவிடும். பசையை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் சயனைடு வாயு வரும், ஆகவே ஹீரோ சமையலறையில் செய்து பார்ப்பதாக எழுத வேண்டாம்.

காகிதத்துக்கு நின்ஹைட்ரின். வியர்வையின் அமினோ அமிலங்கள் காகித நாரில் ஊறியிருக்கும், அவற்றோடு வினைபுரிந்து ஊதா நிறமாகும். சூடும் ஈரப்பதமும் சரியாக இருந்தால் சில நிமிடங்கள், சும்மா இருட்டில் வைத்தால் ஓரிரு நாள். காகிதம் தண்ணீரில் நனைந்திருந்தால் அமினோ அமிலம் கரைந்து போயிருக்கும். அப்போது கொழுப்பைப் பிடிக்கும் வெள்ளிக் கரைசல் முறைக்குப் போக வேண்டும். மிரட்டல் கடிதம் மழையில் நனைந்ததா இல்லையா என்பதே உங்கள் கதையில் ஒரு திருப்பமாகலாம்.

ரேகை கிடைத்த பிறகு செய்யும் முதல் வேலையைக் கதைகள் சொல்வதே இல்லை. வீட்டிலுள்ளவர்கள், வேலைக்கு வருபவர்கள், முதலில் உள்ளே நுழைந்த போலீஸ்காரர்கள் எல்லோருடைய ரேகையும் எடுத்துக் கழிப்பது. கிடைத்ததில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும்.

மிஞ்சியதைக் கணினியில் போட்டால் அது "இவன்தான்" என்று சொல்லாது. ஒத்துப்போகக்கூடியவர்களின் பட்டியல் தரும். அதை மனிதர்தான் ஒப்பிட வேண்டும்: கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது, இரண்டுக்கும் நடுவே எத்தனை கோடுகள். இங்கே ஒரு ஒழுங்கு முக்கியம். சம்பவ இடத்து ரேகையின் புள்ளிகளை முதலில் தனியாகக் குறித்து முடித்துவிட்டு, அதற்குப் பிறகே சந்தேக நபரின் ரேகையைப் பார்க்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் அவன் விரலில் இருப்பதெல்லாம் மங்கல் ரேகையிலும் இருப்பதாகவே கண்ணுக்குத் தெரியும்.

2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் இதுதான் நடந்தது. டெட்டனேட்டர் இருந்த நீல நிறப் பையில் கிடைத்த ரேகைக்கு எஃப்பிஐ கணினி 20 பேரைப் பட்டியலிட்டது. அதில் ஒருவரான அமெரிக்க வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டுடையதுதான் என்று நிபுணர்கள் உறுதியாகச் சொன்னார்கள். சரிபார்த்தவர்களும் ஆமாம் போட்டார்கள். இரண்டு வாரம் காவலில் இருந்தார் மனிதர். ஸ்பெயின் போலீஸ் ஆரம்பத்திலிருந்தே ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அது ஒரு அல்ஜீரியருடையது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். இருவர் ரேகையும் ஒன்றாக இருந்ததில்லை. மங்கலான துண்டு ரேகை, மாபெரும் பதிவுத்தொகுப்பு, முதல் நிபுணரின் முடிவு தெரிந்துகொண்டே சரிபார்த்தது, இந்த மூன்றும் சேர்ந்த விளைவு. நாவலுக்கு இதைவிட நல்ல தவறான தடயம் தேடினாலும் கிடைக்காது.

உங்கள் கதையில் செத்தவர் யார் என்பதே தெரியாது என்றால், ரேகை இன்னொரு விதத்திலும் உதவும். 1952-ல் சென்னையில் ஆளவந்தார் என்பவர் கொல்லப்பட்ட வழக்கில் தலையில்லாத உடல் டிரங்குப் பெட்டியில் ரயிலில் போனது, தலை ராயபுரம் கடற்கரையில் ஒதுங்கியது. அவர் முன்பு ராணுவப் பணியில் இருந்தவர், அங்கே ரேகைப் பதிவு இருந்தது. செத்தவர் யார் என்று உறுதிசெய்ய அது கைகொடுத்தது. ஊறிச் சுருங்கிய விரலாக இருந்தால் நுனியில் திரவம் ஏற்றி உப்ப வைத்துப் பதிவெடுப்பார்கள்.

இப்போது உங்கள் காட்சிக்கு வருகிறேன். ரேகையைக் கைப்பிடியிலிருந்து குளியலறை ஜன்னலுக்கு மாற்றுங்கள். பழைய வீடுகளில் இருக்கும் லூவர் ஜன்னல், அதாவது பட்டை பட்டையாகக் கண்ணாடிகள் செருகியது. உள்ளே நுழைந்தவன் நான்கைந்து கண்ணாடிகளை உருவி வெளிச்சுவர் ஓரம் அடுக்கி வைத்திருப்பான். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் நான்கு விரல்கள். சட்டத்துக்குள் செருகியிருக்கும் ஓரத்தில் ஏறிய அழுக்குக் கோட்டை வைத்து எந்தப் பக்கம் வெளியே இருந்தது என்று சொல்லலாம். விரல்கள் நிற்கும் கோணத்தை வைத்து, வெளியே நின்றபடிதான் உருவினான் என்று சொல்லலாம். "அன்னைக்குச் சாப்பிட வந்தப்ப தொட்டிருப்பேன் சார்" என்று அவன் சொல்ல வழியில்லை. அதற்குப் பிறகும் அவன் வக்கீல், திருடத்தான் வந்தான், கொல்ல வரவில்லை என்று வாதாடலாம். உங்கள் இன்ஸ்பெக்டருக்குக் கடைசி நாற்பது பக்கத்துக்கு வேலை இருக்கிறது.