சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு எத்தனை மணி நேரம்?

தம்பி, ஜனவரியில் படிக்க வருகிறீர்கள். சென்னை–டொராண்டோ எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், எந்த இருக்கை வசதி என்று கேட்டிருந்தீர்கள். நேர்க்கோட்டில் சுமார் 13,400 கிலோமீட்டர். ஆனால் நேராக யாரும் பறப்பதில்லை. லண்டன் வழி என்றால் அங்கே வரை பத்தரை, பதினொரு மணி நேரம், அப்புறம் ஒரு எட்டு. இருக்கை, கிடைத்ததில் உட்காருங்கள்.

மணிக்கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டிக்கெட்டில் காலை 5.30 புறப்பாடு, அதே நாள் மாலை 4.30 வருகை என்று இருக்கும். என் மாமா அதைப் பார்த்துவிட்டு "பதினொரு மணி நேரம்தானே" என்றார். குளிர்காலத்தில் டொராண்டோ நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால். அதையும் கூட்டினால் இருபத்தொன்றரை. கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பதால் வித்தியாசம் ஒன்பதரை. ஊருக்குத் திரும்பும்போது உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் லண்டன் வரை ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

நீங்கள் கேட்காததுதான் முக்கியம். பயணம் முழுவதும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். மலிவு என்று இரண்டு டிக்கெட் தனித்தனியாக வாங்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு அது சம்பந்தமில்லாத விஷயம். பெட்டியையும் நடுவில் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். அதை எடுக்க வெளியே போக அந்த நாட்டு விசா வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் இடையில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். வழியிலுள்ள நாட்டில் ட்ரான்சிட் விசா கேட்பார்களா என்று டிக்கெட் போடுவதற்கு முன்பே பாருங்கள். கல்லூரிக் கடிதம், ஸ்டடி பெர்மிட் அனுமதிக் கடிதம், பணம் காட்டும் காகிதம் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். பெர்மிட்டை அச்சடித்துக் கொடுப்பதே கனடாவில் முதலில் இறங்கும் விமான நிலையத்தில்தான்.

இங்கே சிலர் "அதெல்லாம் ஒன்றுமில்லை, தூங்கிக்கொண்டே வந்தேன்" என்பார்கள். பத்து வருஷம் ஆனதும் வந்த அன்று அழுதது மறந்துவிடுகிறது. எனக்கு மறக்கவில்லை.

2009 பிப்ரவரி. ஏஜென்ட் பேச்சைக் கேட்டு இரண்டு டிக்கெட். சென்னையில் விமானம் இரண்டரை மணி நேரம் லேட். ஐரோப்பாவில் இறங்கியபோது கனெக்ஷன் போய்விட்டது. டிக்கெட்டும் போச்சு என்றார்கள். பெட்டி குடியேற்றச் சோதனைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மச்சானுக்கு போன் போட்டு, அவர் கார்டில் புது டிக்கெட் எடுக்கும்வரை பத்தொன்பது மணி நேரம் நாற்காலியில் கிடந்தேன். டொராண்டோவில் அதிகாரி கடிதத்தைக் கேட்டார். அது பெட்டியில். கம்ப்யூட்டரில் தேடி என்னை விடுவதற்குள் இரண்டு மணி நேரம் போனது.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் முழுக்கைச் சட்டையோடு நின்றேன். பாரமாக இருக்கிறதே என்று கோட்டையும் பெட்டியில்தான் வைத்திருந்தேன். மச்சான் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வண்டிவரை என்னைத் திட்டிக்கொண்டே நடந்தார்.

பெட்டி ஆறாம் நாள் வந்தது. கோட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது.