அகாடமி என்றால் என்ன பள்ளி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்தில் நடக்கும் ஒரு நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். கதாநாயகி தொடக்கப் பள்ளியை முடித்துவிட்டு, 12 வயதில் ஊரிலுள்ள ‘அகாடமி’யில் சேர்கிறாள். அகராதியில் கழகம், கலைக்கழகம், தனித்துறைப் பயிற்சிப் பள்ளி என்றெல்லாம் இருந்தது. கடைசியில் உள்ளதைப் போட்டேன். படித்துப் பார்த்த தோழி, “அவள் அங்கே கணக்கும் வரலாறும்தானே படிக்கிறாள், இதில் என்ன தனித்துறை?” என்கிறாள். அதே நாவலில் அவளுடைய தம்பி கால்பந்து அகாடமிக்குப் போகிறான். மாமா ராணுவ அகாடமியில் இருந்து வந்தவர். மூன்றுக்கும் பொருந்துகிற ஒரே தமிழ்ச் சொல் உண்டா? கன்சர்வேட்டரி, செமினரி எல்லாமும் இதே வகைதானா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் தோழி சொல்வதுதான் சரி. ஸ்காட்லாந்தில் எத்தனையோ ஊர்களில் சாதாரண உயர்நிலைப் பள்ளிக்கே அகாடமி என்றுதான் பெயர். ‘ஊர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். பள்ளியின் முழுப்பெயர் வருகிற இடத்தில் மட்டும் அகாடமி அப்படியே இருக்கட்டும்.

ஒரே தமிழ்ச் சொல் கிடைக்காது. ஆங்கிலத்திலேயே அது ஒரே பொருளில் நிற்கவில்லை. ஏதென்ஸ் நகரச் சுவருக்கு வெளியே, அகாடெமோஸ் என்ற புராண வீரனின் பெயரால் வழங்கிய ஒரு தோப்பு இருந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிளேட்டோ அதன் அருகே கற்பிக்கத் தொடங்கினார். ஆக, அடியில் இருப்பது வெறும் இடப்பெயர். பயிற்சி, தேர்ச்சி, தனித்துறை எதுவும் அதற்குள் கிடையாது. அதனால்தான் பின்னால் வந்தவர்கள் அதில் எதை வேண்டுமானாலும் ஊற்றிவைக்க முடிந்தது.

முதலில் ஊற்றியவர்கள் இத்தாலியர்கள். அவர்களுடைய அகாடமிகளில் பல, படித்து முடித்த பெரியவர்கள் கூடிப் பேசும் சபைகள். ரோமில் 1603இல் தொடங்கிய லின்சேய் அகாடமியில் கலிலியோ 1611இல் சேர்ந்தார், மாணவராக அல்ல, உறுப்பினராக. பிரான்சில் 1635இல் அரசரின் தலைமை அமைச்சர் ரிஷ்லியூ உருவாக்கிய பிரெஞ்சு அகாடமிக்கு 40 இருக்கைகள். அகராதி தயாரிப்பதுதான் அங்கே முதன்மையான வேலை. இலக்கிய நோபலை முடிவுசெய்யும் சுவீடன் அகாடமி, ஆஸ்கர் கொடுக்கும் திரைப்பட அகாடமி, நம்முடைய சாகித்திய அகாதெமி எல்லாம் இந்தக் கிளையில் வந்தவை. இவற்றைப் பள்ளி என்று யாரும் நினைப்பதில்லை. இந்தப் பொருளில் வந்தால் ‘கழகம்’ நன்றாகவே பொருந்தும்.

பள்ளி என்ற பொருளுக்கு வருவோம். எனக்குச் சுவையான பகுதி இதுதான். இங்கிலாந்தில் 1662ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அரசு ஏற்ற திருச்சபையின் வழிபாட்டு முறைக்கு உடன்படாத போதகர்களை வெளியே தள்ளியது. அந்தப் பிரிவினருக்கு ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் வாங்க வழியில்லை. அவர்கள் தங்களுக்கென்று நடத்திய உயர்கல்வி இடங்களுக்குத்தான் அகாடமி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பட்டம் தர அவற்றுக்கு உரிமை இல்லை. ஆனால் பழைய பல்கலைக்கழகங்கள் கண்டுகொள்ளாத நவீன மொழிகளும் அறிவியலும் அங்கே நடந்தன. ஆக்சிஜன் ஆராய்ச்சியால் பெயர் பெற்ற ஜோசஃப் பிரீஸ்ட்லி 1760களில் வாரிங்டனில் இருந்த அப்படியொரு அகாடமியில் ஆசிரியராக இருந்தார்.

பீரங்கிப் படையின் கதையும் ஏறக்குறைய இதுதான். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் காலாட்படையில் பணம் கொடுத்து அதிகாரிப் பதவியை வாங்கலாம். பீரங்கியிடம் அந்தப் பருப்பு வேகாது, அதற்குக் கணக்குத் தெரிய வேண்டும். 1741இல் வூல்விச்சில் ராணுவ அகாடமி வந்ததற்குக் காரணம் இந்தத் தேவைதான். ஓவியத்துக்கு 1768இல் லண்டனில் ராயல் அகாடமி வந்தது. அது ஓவியர் சபை, பள்ளி இரண்டும் ஒன்றாக இருந்த இடம். குதிரையேற்றம், வாள்வீச்சு சொல்லித்தந்தவர்களும் அகாடமி என்று பலகை மாட்டினார்கள். பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளாத ஆட்களுக்கும், அது சொல்லித்தராத வித்தைகளுக்கும் கிடைத்த கூரை என்று வைத்துக்கொண்டால், தனித்துறைப் பள்ளி என்ற பொருள் எங்கிருந்து வந்தது என்பது புரியும். இன்றைய கால்பந்து அகாடமியும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

அப்புறம் ஒரு குழப்பம். இங்கிலாந்தில் 2002 முதல், உள்ளாட்சி மன்றத்தின் பிடியில் இல்லாமல் மத்திய அரசிடம் நேராக நிதி வாங்கும் பள்ளிகளுக்கு அகாடமி என்று பெயர் வைத்தார்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அவை பெருகிவிட்டன. அங்கே செய்தித்தாளில் ‘அகாடமி மாணவர்கள்’ என்று வந்தால், பெரும்பாலும் பக்கத்துத் தெருப் பிள்ளைகள்தான். இதுவே அமெரிக்கக் கதையாக இருந்தால் வேறு: அங்கே 1778இல் ஆண்டோவரிலும் 1781இல் எக்ஸிடரிலும் தொடங்கிய பழைய தனியார் பள்ளிகள் அகாடமி என்ற பெயரோடு இன்றும் இருக்கின்றன. அந்த நாட்டில் இந்தச் சொல்லில் கொஞ்சம் பணவாசமும் வீசும். பிரிட்டனில் ‘பல்கலைக்கழகம்’ என்று போட்டுக்கொள்ளச் சட்டப்படி அனுமதி வேண்டும். அகாடமிக்கு அப்படிக் காவல் இல்லாததால், நான்கு நாற்காலி போட்டவர்கூட அந்தப் பெயரை வைத்துக்கொள்கிறார்.

கன்சர்வேட்டரி அப்படி அலைபாயாது. இசை, சில இடங்களில் நடனமும் நாடகமும், அவ்வளவுதான். நேப்பிள்ஸில் அனாதைக் குழந்தைகளைக் காத்து வளர்த்த இல்லங்களுக்கு அந்தப் பெயர். பிள்ளைகளுக்கு அங்கே இசை சொல்லித்தந்தார்கள், நாளடைவில் இசையே முதன்மையாகிவிட்டது. ‘இசைக் கல்லூரி’ என்று எழுதலாம். செமினரியின் லத்தீன் மூலத்துக்கு நாற்றங்கால் என்று பொருள். கத்தோலிக்கப் பின்னணியில் வந்தால் புதுச்சொல் தேட வேண்டாம், ‘குருமடம்’ இருக்கவே இருக்கிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெண்கள் படித்த பள்ளிகளுக்கும் செமினரி என்று பெயர் உண்டு. அங்கே குருமடம் என்று போட்டால் கதை கவிழ்ந்துவிடும்.

கழகம் என்ற சொல்லை நீங்கள் தயங்கித் தவிர்த்தது தெரிகிறது. அதுவும் அகாடமி போலவே ஊர் சுற்றிய சொல்தான். ‘கழகத்துக் காலை புகின்’ என்று குறள் சொல்லும்போது அது சூதாடும் இடம். கம்பனில் ‘கலைதெரி கழகம்’ என்று வரும்போது கலை பயிலும் இடம். ஆனால் இன்றைக்குக் கழகம் என்றதும் வாசகருக்கு ஓர் அமைப்போ கட்சியோதான் தோன்றும், வகுப்பறை தோன்றாது. அதனால் தம்பிக்கும் மாமாவுக்கும் ‘அகாடமி’யையே விட்டுவிடுங்கள், யாருக்கும் புரியும். மாமா அங்கே ‘படித்தார்’ என்பதைவிடப் ‘பயிற்சி பெற்றார்’ என்பது பொருத்தம்.

இன்னொன்று. இதிலிருந்து பிறந்த ‘அகாடமிக்’ என்ற அடைமொழியை மாமா எங்காவது பயன்படுத்துகிறாரா பாருங்கள். ‘அது வெறும் அகாடமிக் கேள்வி’ என்று அவர் சொன்னால், ‘கல்வி சார்ந்த கேள்வி’ என்று எழுதிவிடாதீர்கள். பதில் எதுவானாலும் நடக்கப்போவது மாறாது என்றுதான் அவர் சொல்கிறார்.