ரெண்டு மீட்டிங் போகலை, சீட் போயிடுமா?

கேள்வி: அண்ணே, நியூ ஜெர்சில ஒரு டவுன்ஷிப்ல இருக்கேன். ஜனவரில மேயர் என்னை பிளானிங் போர்டுல (ஊர்ல வர்ற கட்டடத் திட்டங்களுக்கு அனுமதி தர்ற குழு) கிளாஸ் 4 மெம்பரா போட்டார், அதாவது பொதுமக்கள் சார்பா. சம்பளம் கிடையாது, மாசம் ஒரு ராத்திரி மீட்டிங். ஆபீஸ் வேலையா டெக்ஸாஸ் அலைஞ்சதுல வரிசையா ரெண்டு மீட்டிங் போக முடியலை. "தொடர்ந்து வர முடியுமா, முடியாதா"ன்னு சேர்மன் மெயில் போட்டிருக்கார். ஓசில செய்யற வேலைக்கு இவ்ளோ கெடுபிடியா? என்னைத் தூக்க முடியுமா?

பதில்: தம்பி, ரெண்டு மீட்டிங்குக்கெல்லாம் சீட் தானா போயிடாது. அந்த மாநில சட்டம் என்ன சொல்லுதுன்னா, போர்டு மெம்பர்கள்ல பெரும்பான்மையோட சம்மதம் இல்லாம தொடர்ந்து 8 வாரமோ இல்ல தொடர்ந்து 4 ரெகுலர் மீட்டிங்கோ, ரெண்டுல எது நீளமோ அவ்ளோ காலம் வராம இருந்தாத்தான் அந்த இடம் காலின்னு கணக்கு. உங்களுக்கு மாசம் ஒரு மீட்டிங்தான், அப்போ 4 மீட்டிங். உடம்பு நிஜமா சரியில்லாம போனதுக்கு சம்மதம் தர மாட்டோம்னு போர்டு சொல்லவும் முடியாது. இது போக, தகுந்த காரணம் இருந்தா நகரசபை ஒரு மெம்பரை நீக்கலாம், நீங்க கேட்டா அதுக்கு முன்னாடி பப்ளிக் ஹியரிங் வெக்கணும், ஆனா ரெண்டு ஆப்சென்ட்டுக்கு யாரும் அந்த அளவுக்குப் போக மாட்டாங்க. நம்ம எம்.பி., எம்.எல்.ஏ.க்கே அனுமதி இல்லாம 60 நாள் சபைக்கு வரலைன்னா சீட்டைக் காலின்னு அறிவிக்கலாம்னு அரசியல் சாசனத்துல இருக்கு, அதனால உங்களுக்கு மட்டும் கெடுபிடின்னு நினைக்காதீங்க.

ஆனா சேர்மன் மெயில் போட்டது உங்களைத் தூக்கறதுக்குன்னு எனக்குத் தோணலை, அவர் தலைவலி வேற. 9 பேர் போர்டுன்னா 5 பேர் இருந்தாத்தான் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் கணக்கு. இதுல ஒருத்தருக்கு விசாரணைக்கு வர்ற மனை பக்கத்துலயே சொந்த வீடு இருக்கும், அவர் எழுந்து விலகி உக்காரணும், ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்தர் பையனோட கிராஜுவேஷன், நீங்க டெக்ஸாஸ், மிச்சம் சரியா 5 பேர், இன்னும் ஒருத்தர் குறைஞ்சாலே முடிஞ்சுது கதை, அன்னிக்கு ராத்திரி ஒண்ணும் நடக்காது. அதுக்காக கடிகாரம் நிக்கவும் நிக்காது. அப்ளிகேஷன் முழுசா வந்துடுச்சுன்னு ஆன நாள்லேர்ந்து, சின்ன சைட் பிளானுக்கு (மனைல கட்டடம் எப்படி வரும்னு காட்டற வரைபடம்) 45 நாள், 10 ஏக்கருக்கு மேலயோ 10 வீட்டுக்கு மேலயோ போனா 95 நாள், அதுக்குள்ள போர்டு முடிவு சொல்லணும். அப்படிச் சொல்லலைன்னா, விண்ணப்பிச்சவர் டைம் நீட்டிச்சுக் குடுக்காத பட்சத்துல பிரிலிமினரி அப்ரூவல், அதாவது முதல்கட்ட அனுமதி, தானா கிடைச்ச மாதிரி ஆயிடும். அதாவது ஊருக்கு வேணாம்னு நீங்க நினைக்கற கட்டடம், நீங்க வராததாலயே வந்துடலாம்.

அதனால இன்னிக்கே பதில் போடுங்க. வருஷத்து மீட்டிங் தேதி மொத்தமும் ஜனவரி ரீஆர்கனைசேஷன் மீட்டிங்லயே குடுத்திருப்பாங்க, அதை உங்க ஆபீஸ் காலண்டரோட வெச்சுப் பார்த்து, எந்தெந்த மாசம் நிச்சயமா முடியாதுன்னு போர்டு செக்ரட்டரிகிட்ட எழுத்துல சொல்லிடுங்க. ஜூம்ல கலந்துக்க வழி இருக்கான்னும் அவங்களையே கேளுங்க, அது போர்டுக்குப் போர்டு வேற. முன்கூட்டி தெரிஞ்சா ஆல்டர்நேட் மெம்பரை (வராதவங்களுக்கு மாத்து ஆள்) தயார் பண்ணுவாங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கு "சாரி, ஃப்ளைட் லேட்"னு மெசேஜ் வந்தா அவங்க என்ன பண்ண முடியும்?

"அப்போ நானே ஆல்டர்நேட்டா மாறிக்கறேன்"னு சிலர் கேப்பாங்க, அது இன்னும் மோசம். ரெகுலர் மெம்பர் யார் எப்போ வராம போவாங்கன்னு யாருக்குத் தெரியும்? ஆல்டர்நேட் எல்லா மீட்டிங்குக்கும் போய் உக்காந்து கேக்கணும், பேசலாம், ஆனா யாராவது வரலைன்னாலோ விலகினாலோதான் ஓட்டு. ரெகுலர் மெம்பருக்கு உண்டான அலைச்சல் மொத்தமும் இருக்கும், பாதி நாள் ஓட்டு இருக்காது. இனிமேலும் மாசத்துல மூணு வாரம் டெக்ஸாஸ்தான்னா, மேயருக்கு ஒரு லெட்டர் எழுதி மரியாதையா விலகிடுங்க, அதுல ஒரு அவமானமும் இல்லை. பேரை மட்டும் போர்டுல வெச்சுக்கறதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம்.

கேள்வி: நாங்களும் அந்த மாநிலம்தான். குடியிருப்பு ஏரியால ஒரு வீட்டை வாங்கி முழுசா பரதநாட்டியப் பள்ளியா மாத்த யூஸ் வேரியன்ஸுக்கு, அதாவது அந்த ஏரியால அனுமதி இல்லாத உபயோகத்துக்கு விலக்கு கேட்டு, அப்ளை பண்ணோம். அதை முடிவு பண்ற ஜோனிங் போர்டுல 7 பேர்ல 5 பேர் வந்திருந்தாங்க. கோரம் இருந்தும் எங்க வக்கீல் எழுந்து அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெக்கச் சொல்லிட்டார். ஃபீஸ் ஏத்தறதுக்கா?

பதில்: வக்கீலைத் திட்டாதீங்கம்மா, அவர் உங்களைக் காப்பாத்தியிருக்கார். பெரும்பாலான விஷயத்துக்கு வந்தவங்கள்ல பெரும்பான்மை போதும், ஆனா யூஸ் வேரியன்ஸுக்கு குறைஞ்சது 5 பேர் "சரி"ன்னு ஓட்டு போடணும். 7 பேரும் வந்தா ரெண்டு பேர் வேணாம்னாலும் உங்களுக்குக் கிடைக்கும். 5 பேர்தான்னா ஒருத்தர் பார்க்கிங் பத்தலைன்னு முகம் சுளிச்சாலே போச்சு. வராத ரெண்டு பேரும் உங்களுக்கு எதிரா ஓட்டு போட்ட மாதிரிதான். ஒருதடவை முடியாதுன்னு தீர்ப்பாயிட்டா, அதே அப்ளிகேஷனை பெருசா மாத்தாம திரும்பக் கொண்டுபோனா வாசல்லயே திருப்பி அனுப்பலாம்.

செலவு உங்களுக்குத்தான், அது தெரியுது. ஆர்க்கிடெக்ட் ஸ்டாண்டுல மாட்டின வரைபடத்தைக் கழட்டி குழாய்க்குள்ள சுருட்டி வெக்கறதையும், டிராஃபிக் இன்ஜினியர் வாயே திறக்காம ஃபைலை மூடறதையும் பார்த்துட்டு வந்திருப்பீங்க, அவங்க உக்காந்திருந்த நேரத்துக்கும் பில் வரும். ஒரே ஆறுதல், அன்னிக்கே அந்த ஹால்ல புதுத் தேதி அறிவிச்சிருந்தா, 200 அடிக்குள்ள இருக்கற வீட்டுக்காரங்களுக்கெல்லாம் 10 நாள் முன்னாடி அனுப்பற நோட்டீஸை பொதுவா மறுபடி அனுப்ப வேண்டியிருக்காது. முதல் கேள்வி கேட்ட தம்பி இதையும் படிங்க. நீங்க வராத ராத்திரி இந்த மாதிரி ஒருத்தங்க அந்த மைக் முன்னாடி நின்னிருப்பாங்க.

கேள்வி: முதல் நாள் ஹியரிங்குக்குப் போகாத மெம்பர், ரெண்டாம் நாள் வந்து ஓட்டு போடலாமா?

பதில்: நியூ ஜெர்சில போடலாம், ஆனா விட்டுப்போன நாளோட முழு டிரான்ஸ்கிரிப்டைப் படிச்சேன் இல்ல ரெக்கார்டிங்கைக் கேட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். மினிட்ஸை (கூட்டத்தோட சுருக்கக் குறிப்பு) மட்டும் புரட்டினா பத்தாது. மூணு மணி நேர ரெக்கார்டிங்கை வேகமா ஓடவிட்டுக் கேட்டீங்களான்னு நான் கேக்கப் போறதில்லை, ஆனா தோத்த தரப்பு கோர்ட்டுக்குப் போனா அவங்க வக்கீல் முதல்ல தேடறது அந்தக் காகிதத்தைத்தான். கேக்காமலே கையெழுத்துப் போடறதுக்கு அன்னிக்கு ஓட்டுப் போடாம இருக்கறதே மேல்.

மாசசூசெட்ஸ்லயும் இதே மாதிரி வசதி உண்டு, அங்க ஒரு அமர்வு மட்டும்தான் விடலாம், அதுவும் அந்த ஊர் அந்தச் சட்டத்தை ஏத்துக்கிட்டிருந்தாத்தான். நியூயார்க்ல டவுன் போர்டே, அதாவது ஊரை நிர்வகிக்கற சபையே, குறைஞ்சபட்ச வருகைன்னு உள்ளூர் சட்டம் போட்டு, அதுக்குக் கீழ போனா நீக்கலாம். அதனால பக்கத்து ஸ்டேட்ல இருக்கற மச்சான் சொன்னதை உங்க ஊருக்கு எடுத்துக்காதீங்க.

கேள்வி: நான் திருநெல்வேலி. எங்க மாப்பிள்ளை நியூ ஜெர்சில இந்த பிளானிங் போர்டுல மெம்பராம். பெரிய பதவியா? வருமானம் எதுவும் உண்டா?

பதில்: பெரும்பாலான ஊர்ல பத்துப் பைசா கிடையாது ஐயா. சேர்ந்த 18 மாசத்துக்குள்ள ஒரு பயிற்சி வகுப்பை முடிக்கணும், வருஷா வருஷம் ஏப்ரல் 30க்குள்ள தன் வருமானம் எங்கேர்ந்து வருது, என்ன சொத்து இருக்குன்னு எழுதிக் குடுக்கணும், அதை யார் வேணாலும் பார்க்கலாம். சொந்த லாபம் இருக்கற விஷயத்துல ஓட்டு போடவே கூடாது. மாப்பிள்ளை மாசாமாசம் ஒழுங்கா மீட்டிங்குக்குப் போறாரான்னு மட்டும் பொண்ணுகிட்ட கேட்டுக்கோங்க.