மஞ்சள் ஸ்டிக்கரும் மாமியாரும்

கேள்வி: எனக்கு வயது 31. இரண்டாவது பிள்ளை, இப்போது 29 வாரம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் மாமியாரோடு இருக்கிறோம். போன மாதம் கிளினிக்கில் சீனித் தண்ணீர் குடிக்கக் கொடுத்து ரத்தம் எடுத்தார்கள். இனிப்பு நீர் (கர்ப்ப கால நீரிழிவு) என்று சொல்லி, கர்ப்பிணிப் புத்தகத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். "நாங்க எல்லாம் பால்மரம் வெட்டிக்கிட்டே ஆறு பிள்ளை பெத்தோம், எந்தச் சீனியைக் கண்டோம்?" என்கிறார் மாமியார். ஊசி போடச் சொல்வார்களோ என்று எனக்குப் பயம். ரத்தச் சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகிறது, நிறுத்திவிட்டேன். இன்னொன்று, இரண்டு வாரமாக வெள்ளைப்படுகிறது, அரிப்பு தாங்கவில்லை. டாக்டர் ஆண் என்பதால் சொல்லவில்லை. (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: தயங்கித் தயங்கிக் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த அரிப்பிலிருந்தே தொடங்குகிறேன் தங்கச்சி. அதற்கும் மஞ்சள் ஸ்டிக்கருக்கும் தொடர்பு இருக்கலாம். கர்ப்ப காலத்தில் வெள்ளைப்படுதல் கொஞ்சம் கூடுவது இயல்புதான். நீர்த்தாற்போல, வாடை இல்லாமல், அரிப்பு இல்லாமல் இருந்தால் கவலை இல்லை. தயிர்த் திட்டு மாதிரி கெட்டியாகப் பட்டு, அரிப்பும் எரிச்சலும் இருந்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. கர்ப்பத்தில் இது சாதாரணமாகவே அதிகம் வரும். ரத்தத்தில் சீனி கூடினால் இன்னும் சுலபமாக வரும். ஆகவே இதைச் சொல்லாமல் விட்டால், உங்கள் சீனியைக் கவனிக்கிறவர்களுக்கு ஒரு துப்பு குறைகிறது.

டாக்டரிடம் சொல்லக் கூச்சமா? எடை பார்த்து, பிரஷர் பார்க்கிற மிஸ்ஸியிடம் (நர்ஸ்) சொல்லுங்கள். "அரிப்பு இருக்கு மிஸ்ஸி" என்ற மூன்று வார்த்தை போதும், மற்றதை அவர் கேட்பார். பரிசோதனை தேவைப்பட்டால் பக்கத்தில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பொதுவாக உள்ளே வைக்கும் மாத்திரையும் கிரீமும் தருவார்கள். பார்மசியில் நீங்களாகவே விழுங்குகிற பூஞ்சை மாத்திரை வாங்காதீர்கள், கர்ப்பிணிகளுக்கு அதைத் தவிர்ப்பார்கள். வேப்பிலைத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், வாசனை சோப்பு எதையும் உள்ளே விட்டுக் கழுவவும் வேண்டாம். சிறுநீர் போகும்போது எரிந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை ஏறி, மாதம் நிறையும் முன்பே வலி வரக்கூடும்.

இனி சீனி. மாமியார் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் காலத்தில் விடியற்காலையிலிருந்து மரத்துக்கு மரம் நடந்தார்கள், வாளி தூக்கினார்கள். அதோடு, அப்போது யாரும் சீனித் தண்ணீர் கொடுத்துப் பார்க்கவும் இல்லை. "பெரிய பிள்ளை, பிரசவம் கஷ்டமாப் போச்சு" என்று பழைய தோட்ட லயத்து வீடுகளில் பேசிக்கொண்ட கதைகளில் சிலவற்றுக்குப் பின்னால் இந்தச் சீனியும் இருந்திருக்கலாம்.

நீங்கள் இனிப்பு தின்றதால் மட்டும் இது வரவில்லை. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. அதை ஈடுகட்ட முடியாத உடம்பில் சீனி ஏறுகிறது. நம் இந்தியப் பெண்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல். நம் மலேசியாவில் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து, ரத்தச் சீனி வெறும் வயிற்றில் 5.1 (mmol/L கணக்கில்), இரண்டு மணி நேரம் கழித்து 7.8, இதில் ஒன்றைத் தொட்டாலும் இனிப்பு நீர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நான்கு நிறம் உண்டு. மஞ்சள் என்றால் மிஸ்ஸி மட்டும் பார்த்தால் போதாது, டாக்டரும் பார்க்க வேண்டும். அவசரத்துக்கு உரியது சிவப்பு.

சோற்றை நிறுத்த வேண்டாம், குறைத்தால் போதும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். சுகாதார அமைச்சு எல்லாருக்கும் சொல்கிற கணக்குதான் இது, தனிப் பத்தியம் இல்லை. மாமியார் வைக்கிற மீன் குழம்பும் கீரையும் இதில் அழகாகப் பொருந்தும். பொருந்தாதது கண்டென்ஸ்டு மில்க் ஊற்றி ஆற்றுகிற தே தாரிக்கும், "சத்து" என்று காலையும் மாலையும் கலக்கித் தருகிற இனிப்பு மைலோவும். கண்டென்ஸ்டு மில்க்கில் பாதிக்குக் கிட்டத்தட்ட சீனிதான். சாப்பிட்ட பிறகு ஒரு பத்து, பதினைந்து நிமிஷம் நடங்கள். ரத்தம் எடுக்கிற நாளில் மட்டும் பட்டினி கிடந்து நல்ல நம்பர் காட்டுகிற வேலை பல பேரிடம் இருக்கிறது. தயவுசெய்து அது வேண்டாம். ஏமாறுவது மிஸ்ஸி இல்லை, வயிற்றில் இருக்கிற பிள்ளை.

சாப்பாட்டில் அடங்காவிட்டால் மெட்ஃபார்மின் மாத்திரை, அல்லது இன்சுலின். ஊசி என்றதும் "இனிமேல் ஆயுசுக்கும்" என்று பயப்படுகிறார்கள். கர்ப்பத்தில் வந்த சீனிக்குப் போடுகிற இன்சுலினைப் பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள்.

மலம் கறுப்பது இரும்புச் சத்தின் நிறம், ஆபத்து இல்லை. மாத்திரையை மறுபடியும் தொடங்குங்கள். டீ, கோப்பி, பாலோடு விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது. மலச்சிக்கல் தொல்லை கொடுத்தால் மாத்திரையை மாற்றித் தருவார்கள்.

சில விஷயத்துக்கு அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. ரத்தம் படுவது, தண்ணீர் போல ஒழுகுவது, விடாத தலைவலியோடு கண் மங்குவது, முகம் திடீரென வீங்குவது, பிள்ளை அசைவு குறைவது. அசைவு எண்ணுகிற அட்டை கொடுத்திருப்பார்கள். 12 மணி நேரத்தில் 10 அசைவு வராவிட்டாலும், வழக்கத்தைவிட அசைவு சட்டென்று குறைந்தாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டுக்காரருக்கு இரவு ஷிப்ட் என்றால், ராத்திரியில் கார் எடுக்க யார் இருக்கிறார் என்று இப்போதே பேசி வையுங்கள். மஞ்சள் ஸ்டிக்கர்காரரைப் பிரசவத்துக்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் கூடும்.

மாமியாரைத் திருத்தப் பார்க்காதீர்கள், அடுத்த தடவை கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். மிஸ்ஸி சொன்னால் கேட்டுக்கொள்வார். பிரசவ மருந்து கிண்டும்போது வெல்லத்தைக் குறைக்கச் சொல்வதும் மிஸ்ஸி வாயால் வந்தால் நல்லது. அப்புறம், பிள்ளை பிறந்து ஆறு வாரத்தில் மறுபடியும் சீனித் தண்ணீர்ப் பரிசோதனை உண்டு. சீனி போய்விட்டதா என்று அதில்தான் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே உட்கார வேண்டியிருக்கும் என்பதால் பலர் போவதில்லை. அன்றைக்குப் பிள்ளையை வைத்துக்கொள்ளும் பொறுப்பை மாமியாரிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள்.